ஜொன்ஜு நகரத்துக் கெக்சா: வன்னியிலிருந்து கொரியா சென்றிருப்போருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியிலிருந்து தென்கொரியாவுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் மாதக்கணக்கில் கொரிய மொழி படித்து, பரீட்சை எழுதி, முறை வரும்வரை காத்திருந்து புறப்படுகிறார்கள். அங்கு போய்ச் சேர்ந்த பின்னர் வேலைத்தலம், தங்குமிடம், கடை என்ற மூன்றுக்குள்ளேயே ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. நீண்ட விடுமுறை கிடைத்தால் பலரும் சியோலுக்குச் சென்று அரண்மனைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவை பார்க்க வேண்டியவையே. ஆனால், அந்த நாட்டு அரசர்கள் தலைநகரில் இருந்தபடி தொலைதூர ஊர்களை எவ்வாறு தம் கைக்குள் வைத்திருந்தார்கள் என்பதை அரை நாளில் விளங்கிக்கொள்ள விரும்புபவர், மாகாண நகரமொன்றில் எஞ்சியிருக்கும் கெக்சா என்னும் பழைய அரச விருந்தகத்துக்குச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். குன்சான், கிம்ஜே, இக்சான், வான்ஜு ஆகிய பகுதிகளில் வேலை செய்வோருக்கு ஜொன்ஜு நகரம் மிக அண்மையில் இருப்பதால், அங்குள்ள கெக்சாவையே இந்த வழிகாட்டியில் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

கெக்சா என்பது அரச அலுவலாகப் பயணம் செய்யும் அதிகாரிகளும் வெளிநாட்டுத் தூதர்களும் தங்குவதற்காக அரசு கட்டிய விருந்தகம். கொர்யொ அரசின் காலத்திலேயே இருந்த இந்த அமைப்பு, 1392ஆம் ஆண்டு தொடங்கிய ஜோசொன் அரசின் காலத்தில் ஆட்சி மையமாக இருந்த ஒவ்வோர் ஊருக்கும் உரியதாயிற்று. வெள்ளைக்காரர் காலத்தில் அரசாங்க அதிபரும் பொறியியலாளரும் வழியில் தங்குவதற்கு நம் நாட்டில் இருந்த வாடிவீடுகளை நினைத்துக்கொண்டால் கெக்சாவின் ஒரு பாதி விளங்கும். ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகூடப் பிற்காலத்தில் வாடிவீடாகவே பயன்பட்டது. ஆயினும் கெக்சாவின் மறுபாதி வாடிவீட்டில் இல்லை. அந்த மறுபாதியை அறியாமல் சென்றால், நகரத்தின் நடுவே ஓடு வேய்ந்த நீண்ட மரக்கட்டடம் ஒன்றைப் பார்த்தோம் என்ற அளவிலேயே திரும்ப நேரிடும்.

கெக்சாவின் நடு மண்டபத்தில் எந்த விருந்தாளியும் படுப்பதில்லை. அங்கே அரசரைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த மரப்பலகை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதனை ஜொன்பே என்பார்கள். அரசர் அந்த ஊருக்கு ஒருநாளும் வந்திராவிட்டாலும், அந்தப் பலகை இருக்கும் இடத்தில் அவர் இருப்பதாகவே கொள்ளப்பட்டது. சந்திர மாதத்தின் முதலாம் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊரின் ஆளுநர் தம் கீழ் உள்ளவர்களுடன் முற்றத்தில் நின்று, தலைநகரின் அரண்மனையை நோக்கிப் பணிவதாக எண்ணி அந்த மண்டபத்தை நோக்கி வணங்குவார். இச்சடங்குக்கு மங்க்வொல்யே என்று பெயர். அரச ஆணை வந்து சேர்ந்தாலும் அதை வரவேற்றது இங்கேதான். இதனால், ஆளுநர் அமர்ந்து வழக்கு விசாரித்த அலுவலகத்தைவிடக் கெக்சா உயர்ந்த இடமாக மதிக்கப்பட்டது. ஊரில் அதற்குச் சிறந்த மனையும் ஒதுக்கப்பட்டது.

பலகை எவ்வளவு பெரியதாக எண்ணப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி போதும். அதைத் திருடுவதோ சிதைப்பதோ அரசருக்கே இழைத்த குற்றமாகக் கருதப்பட்டு மிகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டது. அது நிகழ்ந்த ஊரின் தகுதி குறைக்கப்பட்டதும், ஆளுநர் பதவி இழந்ததும் உண்டு. இதை அறிந்த சிலர், தமக்கு வேண்டாத ஆளுநரை வெளியேற்றுவதற்காகவே இரவில் புகுந்து பலகையைச் சிதைத்த நிகழ்வுகளும் நடந்துள்ளன. ஆளுவோர் மீது சினம் கொண்ட மக்களுக்கு வேறு வழி இல்லாத காலத்தில், வெறுமையாகத் தோன்றும் இந்த நடு மண்டபமே அவர்கள் கை எட்டக்கூடிய இடமாக இருந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் முன் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விருந்தாளிகள் தங்கியது நடு மண்டபத்தின் இரு பக்கத்துச் சிறகுகளில். கிழக்குச் சிறகு குடிசார் அதிகாரிகளுக்கும் மேற்குச் சிறகு படை அதிகாரிகளுக்கும் உரியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் முறை. அதிகாரிகள் பயணம் செய்த ஒழுங்கும் அறியத்தக்கது. அரச வழிகளில் ஏறத்தாழ முப்பது ரீ, அதாவது பன்னிரண்டு கிலோமீற்றர் அளவுக்கு ஒரு குதிரை நிலையம் இருந்தது. அதிகாரியின் கையில் குதிரை உருவங்கள் பொறித்த வட்டமான உலோக வில்லை ஒன்று இருக்கும். அதில் எத்தனை குதிரைகள் பொறிக்கப்பட்டுள்ளனவோ அத்தனை குதிரைகளையே அவர் நிலையத்தில் பெறலாம். பொதுமக்களுக்குக் கெக்சாவில் இடமில்லை. அவர்கள் வழியோரச் சாராய விடுதிகளில் தங்கினார்கள்.

இனிச் செல்லும் முறைக்கு வருகிறேன். காலத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களும் ஒக்டோபர் மாதமும் மிக நல்லவை. ஜூன் இறுதியிலிருந்து ஜூலை முழுவதும் மழைக்காலம். ஜனவரியில் குளிர் நீர் உறையும் நிலைக்குக் கீழே போகும். கெக்சாவின் மரத்தளத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டே ஏற வேண்டும் என்பதால், வன்னி வெயிலில் வளர்ந்த கால்களுக்கு அந்த மாதத்தில் தடித்த காலுறை இரண்டு சோடியாவது தேவைப்படும். ச்சுசொக் என்னும் அறுவடைப் பெருநாளிலும் சந்திரப் புத்தாண்டிலும் நமக்கு விடுமுறை கிடைப்பது உண்மையே. ஆனால் அந்த நாட்களில் நாடு முழுவதும் சொந்த ஊருக்குப் பயணம் செய்வதால் புகையிரத, பேருந்து இருக்கைகள் வாரக்கணக்கில் முன்னரே தீர்ந்துவிடும். தொலைவிலிருந்து வருவோர் சாதாரண வார இறுதி ஒன்றைத் தெரிவதே புத்தி. அண்மையில் இருப்போருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போதும்.

சியோலிலிருந்து வருபவர்கள் யொங்சான் நிலையத்தில் அதிவேகப் புகையிரதம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஜொன்ஜுவை அடையலாம். விரைவுப் பேருந்து இதைவிட மலிவானது. அதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஜொன்ஜு புகையிரத நிலையம் பழைய நகரத்துக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து நடந்து செல்ல எண்ண வேண்டாம். நீங்கள் வழமையாகப் பாவிக்கும் டி-மணி அட்டையுடனேயே நகரப் பேருந்தில் ஏறலாம். வழி தேடுவதற்குக் கூகிள் வரைபடத்தை நம்ப வேண்டாம். கொரியாவில் நடைவழிக்கு அது சரிவர உதவுவதில்லை. நேவர் அல்லது காக்காவ் வரைபடச் செயலியைக் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருங்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது அந்நாட்டுச் சட்டப்படி உங்கள் கடமை; விடுமுறை நாளுக்கும் அது பொருந்தும். இடையில் உதவி தேவைப்பட்டால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழைக்கலாம். அது இரவு பகலாக இயங்குகிறது.

நேராகக் கெக்சாவின் வாசலில் சென்று இறங்கிவிடாமல், புங்னம்முன் என்னும் தெற்கு வாசலிலிருந்து வடக்கு நோக்கி நடந்து செல்லும்படி அறிவுறுத்துகிறேன். ஜொன்ஜுவைச் சுற்றி இருந்த மதிலில் எஞ்சிய வாசல் இது ஒன்றே. ஜொல்லா மாகாணத்தின் தலைநகராக இருந்த இந்த ஊருக்குள் அதிகாரிகள் நுழைந்து கெக்சாவை நோக்கிச் சென்ற திசையிலேயே நீங்களும் பதினைந்து நிமிடம் அளவில் நடப்பீர்கள். இடையில், மாகாண ஆளுநரின் அலுவலகமாக இருந்து அண்மைக் காலத்தில் மீளக் கட்டப்பட்ட ஜொல்லா காம்யொங் வளாகத்தையும் பார்க்கலாம். இப்போது அந்தப் பகுதி துணிக்கடைகளும் தேநீர்க் கடைகளும் நிறைந்த கடைத்தெரு. இளைஞர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதற்கு இடம் குறிக்கும்போது கெக்சாவின் முன்புறத்தையே சொல்வது அவ்வூர் வழக்கம். நுழைவுக் கட்டணம் இல்லை. பகல் வேளையில், முடிந்தால் காலையிலேயே சென்றுவிடுங்கள்.

முற்றத்துக்குள் நுழைந்தவுடன் கட்டடத்தை நெருங்க வேண்டாம். முற்றத்தின் தெற்கு ஓரத்திலேயே சற்று நேரம் நின்று கூரையை மட்டும் பாருங்கள். மூன்று கூரைகள் ஒரே வரிசையில் இருக்கும். நடுக்கூரையின் முகடு இரு பக்கத்து முகடுகளையும்விட உயர்ந்து நிற்கும். அரசர் இருக்கும் இடம் மேலே, அவருடைய அலுவலர் தங்கும் இடம் கீழே என்ற ஒழுங்கைத் தச்சர்கள் கூரையிலேயே காட்டியிருக்கிறார்கள். தலைநகரிலிருந்து எவ்வளவு பெரிய அதிகாரி வந்து தங்கினாலும் அவர் தலைக்கு மேல் இருந்த முகடு நடு முகட்டைவிடத் தாழ்ந்ததே. கொரியாவில் எந்த ஊர்க் கெக்சாவுக்குச் சென்றாலும் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

அடுத்து நடு மண்டபத்தில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஏறத்தாழ 4.7 மீற்றர் அகலமும் 1.8 மீற்றர் உயரமும் கொண்ட அப்பலகையில் நான்கு சீன எழுத்துகள் உள்ளன. அவற்றை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புங்பேஜிக்வான் என்பது அதன் கொரிய ஒலிப்பு. சீனாவில் ஹான் வம்சத்தைத் தோற்றுவித்த லியு பாங்கின் சொந்த ஊரைக் குறிக்கும் பெயர் அதில் அடங்கியிருக்கிறது. ஜோசொன் அரசைத் தோற்றுவித்த யி சொங்க்யேயின் முன்னோர் ஜொன்ஜுவைச் சேர்ந்தவர்கள் என்பதனால், ஓர் அரச வம்சத்தின் பூர்வீக ஊர் இது என்று அப்பெயர் பெருமையுடன் அறிவிக்கிறது. 1606ஆம் ஆண்டு சீனாவின் மிங் அரசின் தூதராகக் கொரியாவுக்கு வந்த ஜு ஜிஃபான் இவ்வெழுத்துகளை எழுதினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பலகையை அண்ணாந்து பார்ப்பதைவிட முற்றத்தின் நடுவிலிருந்து பார்த்தால் எழுத்துகளின் வீச்சு நன்றாகத் தெரியும்.

இதன் பின்னர் சிறகுகளை அணுகலாம். கட்டடம் தெற்கு நோக்கியது. ஆகவே அதைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலக்கைப் பக்கம் கிழக்குச் சிறகு. வெயில் நாட்களில் நகரத்தவர்கள் வந்து மரத்தளத்தில் அமர்ந்து இளைப்பாறுவதைக் காண்பீர்கள். ஏறுவதற்கு அனுமதி உள்ள இடத்தில் நீங்களும் அமரலாம். மாரு எனப்படும் இந்தத் திறந்த மரத்தளம் கோடைக்குரியது. குளிர்காலத்துக்கு, அடுப்பின் புகையையும் சூட்டையும் தளத்தின் கீழே ஓடவிட்டுக் கல்தளத்தைச் சூடாக்கும் ஒன்தொல் அறைகளில் அதிகாரிகள் படுத்தார்கள். உங்கள் தங்குமிடத்தில் சுடுநீர்க் குழாயால் சூடாகும் தளமும் இந்த முறையின் வழி வந்ததே. தளத்தில் அமர்ந்தபடி மேலே பார்த்தால் தீராந்தி, வளை, கைமரம் எல்லாம் மறைப்பின்றித் தெரியும். தச்சுவேலை தெரிந்த பிள்ளைகள் அந்த இணைப்புகளைப் பார்ப்பதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

நடந்துகொள்ளும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சப்பாத்தைக் கழற்றி முனை வெளிப்புறம் பார்க்கும்படி வையுங்கள். வாசற்படியின் மேல் கால் வைக்காமல் தாண்டிச் செல்லுங்கள். மூன்று கதவுகள் கொண்ட வாசல் எங்கு இருந்தாலும், நடு வழி அரசருக்கோ முன்னோரின் ஆவிக்கோ உரியது என்பது பழைய மரபு. கிழக்குக் கதவால் நுழைந்து மேற்குக் கதவால் வெளியேறுவது கொரியர் முறை. தூண்களில் சாய்வதோ, பைகளை வண்ணம் பூசிய மரங்களில் உரசுவதோ வேண்டாம். புகைபிடித்தல் முற்றாக ஆகாது. பழைய மரக்கட்டடங்கள் பலவற்றை நெருப்புக்கு இழந்தவர்கள் அவர்கள்; 2008ஆம் ஆண்டு சியோலின் தெற்குப் பெருவாசலே ஒருவர் வைத்த தீயில் எரிந்தது. அறிவிப்புப் பலகைகளில் உள்ள கொரியச் சொற்கள் மொழிப் பரீட்சைக்குப் படித்தவருக்குக் கடினமாக இரா; உள்ளே செல்லாதீர், சப்பாத்தைக் கழற்றவும் என்ற இரண்டே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, பழைய மரத்தையும் புதிய மரத்தையும் வேறுபிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே. ஜப்பானியர் ஆட்சியில் வீதி அமைப்பதற்காகக் கிழக்குச் சிறகு இடிக்கப்பட்டது. இன்று நாம் காண்பது 1999ஆம் ஆண்டு மீளக் கட்டப்பட்டது. மேற்குச் சிறகு பழையது. 1473ஆம் ஆண்டு அரச வரலாற்று ஏடுகளைக் காப்பதற்கான களஞ்சியம் இந்நகரில் கட்டப்பட்டபோது மிஞ்சிய மரங்களைக் கொண்டு கெக்சா திருத்தப்பட்டது என்ற பதிவும் உண்டு. ஆகவே இரு சிறகுகளுக்கும் இடையே மாறி மாறி நடந்து, தூண்களின் வெடிப்பு, மரத்தின் நிறம், வண்ணப் பூச்சின் மங்கல் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். கொரியத் தச்சர்கள் ஒரு தூணின் அடிப்பாகம் உக்கிவிட்டால் தூண் முழுவதையும் எறிந்துவிடுவதில்லை; கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, புதிய மரத்தைப் பொருத்தி இணைப்பார்கள். பழைய கட்டடங்களில் தூண்களின் அடியில் அத்தகைய பொருத்துகளைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. வன்னியில் கூரையும் சுவரும் இழந்து நிற்கும் பழைய கட்டடங்களைத் தினமும் கடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். முற்றாக அழிந்த ஒன்றை அதே அடித்தளத்தில், அதே அளவில், அதே வகை வேலையால் எழுப்ப முடியும் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். அந்தப் பொருத்துகளைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். ஊரிலுள்ள தச்சர்களுக்கும் கட்டட வேலை படிக்கும் மாணவர்களுக்கும் அவை உண்மையாகவே பயன்படும்.

கெக்சாவைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தில், நடந்து செல்லும் தூரத்தில் உள்ள க்யொங்கிஜொன்னுக்குச் செல்லுங்கள். யி சொங்க்யேயின் உருவப்படத்தை வைப்பதற்காக 1410ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இடம் அது. சிறு கட்டணம் உண்டு. மேலே சொன்ன ஏட்டுக் களஞ்சியத்தின் மீளக் கட்டிய வடிவமும் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1592ஆம் ஆண்டு ஜப்பானியர் படையெடுத்தபோது மற்றக் களஞ்சியங்களில் இருந்த பிரதிகள் எல்லாம் எரிந்து போயின. ஜொன்ஜுவின் பிரதியை மட்டும் அன் உய், சொன் ஹொங்ரொக் என்னும் இரு கற்றோர் நேஜாங் மலைக்குக் கொண்டுசென்று காப்பாற்றினார்கள். ஜோசொன் அரசின் முற்பகுதி வரலாறு இன்று எழுத்தில் இருப்பது அவர்களால்தான். நூல் நிலையம் எரிந்த துயரத்தை அறிந்த தமிழர் எவரும் அந்தக் களஞ்சியத்தின் முன் விரைவாகக் கடந்து போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜொன்ஜுவின் புகழ்பெற்ற பிபிம்பாப் பெரும்பாலும் மாட்டிறைச்சி சேர்த்தே வரும்; சில கடைகளில் அது பச்சையாகவே இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதோர் கட்டளை கொடுக்கும்போதே "சோகொகி ப்பே ஜுசெயோ" என்று சொல்லிவிட வேண்டும். முளைவிட்ட சோயாவில் செய்யும் சோற்றுக் கஞ்சி மலிவானதும் வயிற்றுக்கு இதமானதும் ஆகும். ஆனால் அதன் சாற்றில் நெத்தலி இருக்கும். கிம்ச்சியிலும் மீன்சாறு சேர்ப்பதுண்டு. வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்போர் கையில் உணவு கொண்டு செல்வதே வசதி.

ஜொன்ஜுவுக்கு வர முடியாத தொலைவில் வேலை செய்வோர் தமக்கு அண்மையில் உள்ள வேறு கெக்சாவைத் தேடிக்கொள்ளலாம். குவாங்ஜு பக்கத்தில் இருப்போருக்கு நாஜு நகரத்தின் கும்சொங்க்வான் உண்டு. கெக்சாக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான அது ஜப்பானியர் காலத்தில் அரச அலுவலகமாக மாற்றப்பட்டதால் இடிபடாமல் தப்பியது. பின்புறத்தில் முதிர்ந்த கிங்கோ மரங்கள் நிற்பதால் நவம்பர் தொடக்கத்தில் செல்வது சிறப்பு. கிழக்குக் கடற்கரையில் காங்னுங் நகரத்தில், இம்யொங்க்வான் என்னும் கெக்சாவின் வாசல் கொர்யொ காலத்திலிருந்தே நிற்கிறது. நடுவில் சற்றுப் பருத்து மேலும் கீழும் ஒடுங்கும் அதன் தூண்களைப் பார்ப்பதற்காகவே அங்கு செல்லலாம். உட்கட்டடங்கள் பின்னாளில் மீள அமைக்கப்பட்டவை. பூசான், கொஜே, சாங்வொன் பகுதிகளில், குறிப்பாகக் கப்பல் கட்டும் தளங்களிலும் மீன்பிடியிலும் இருப்போருக்குத் தொங்யொங் நகரத்தின் செப்யொங்க்வான் அண்மையானது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படைத் தலைமையகத்தின் கெக்சாவாகக் கட்டப்பட்ட அந்த மண்டபத்தில் சுவர்களே இல்லை. உயர்ந்த தூண்களுக்கு நடுவே அமர்ந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். அங்கு செல்வோர் தொங்யொங் பேருந்து நிலையத்தில் இறங்கி நகரப் பேருந்து எடுக்க வேண்டும். மாலையில் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கிய உடனேயே கேட்டு, அதற்கான பயணச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.